தோட்டாக்களுக்கு ஓர் அறை

கல்லிடைக்குறிச்சி
9 ஜூன் 2025

அண்ணாவுக்கு சீதா அநேக நமஸ்காரம்.

நான் சௌக்கியம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மன்னிக்கு சர்க்கரை இறங்கியதா?

அவர் போய் ஒரு மாதமாகி முதல் மாசிகம் முடிந்தது. காரியத்துக்கு வந்த அன்றே டியூட்டி என்று நீ கிளம்பிவிட்டதால் சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. இது மச்சினர் வீடு. அவர் இருந்தவரை எனக்கும் வீடுதான். இப்போது ஓர்ப்படி என் பாயைச் சமையலறை ஓரத்துக்கு மாற்றிவிட்டாள். தை பிறந்ததும் வீட்டை விற்றுவிட்டு ஹைதராபாத்துக்கு, பிள்ளையோடு இருக்கப் போகிறார்கள். "உங்களுக்கு அண்ணா இருக்கார், எங்களுக்கு என்ன கவலை?" என்று வாசலில் நின்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

கரமனை வீட்டுப் பின்னறையை நினைத்துத்தான் தலையாட்டினேன், அண்ணா. "சீதாவுக்கு என்னிக்கும் அந்த ரூம் உண்டு" என்று அப்பா உன்னை வைத்துக்கொண்டுதானே சொன்னார்? ஒரு பாயும் துணி போட ஒரு கொடியும் போதும். சமைத்துப் போடுகிறேன், மன்னிக்கும் ஒத்தாசையாக இருக்கும். தைக்கு முன்னால் வரச் சொல்லி ஒரு வார்த்தை எழுது. எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

உன் தங்கை,
சீதா


கரமனை
21 ஜூன் 2025

சீதாலக்ஷ்மிக்கு சாம்பசிவன் ஆசீர்வாதம்.

பழக்கதோஷத்தில் உன் பெயருக்கு முன்னால் 'சௌ.' போட்டுவிட்டு அடித்திருக்கிறேன். மேலே மசியாகத் தெரிவது அதுதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இல்லாததை எழுதக் கூடாது அல்லவா? இங்கே யாவரும் க்ஷேமம். முழங்கால் வலி இருக்கிறபடி இருக்கிறது.

நீ போன் மேல் போன் அடிக்கிறாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. பாங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவன் காதில் போனை வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க முடியுமா? இனிமேல் போன் பண்ணாதே. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. ஒப்பாரி கேட்க எனக்கு நேரமில்லை.

பின்னறை விஷயம். அதில் என் தோட்டாக்கள் இருக்கின்றன. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கேட்டுக்கொள். பட்டாளத்திலிருந்து வந்தவனுக்கு பாங்கில் கன்மேன் வேலை கிடைத்ததே சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்ததால்தான். லைசென்ஸ் போனால் வேலை மறுநாளே போகும். அதற்கு ஆயிரம் சட்டம். வீட்டில் இருக்கும்போது துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கி இரும்பு பீரோவில் ஒரு பூட்டில், தோட்டா தனிப் பெட்டியில் இன்னொரு பூட்டில். சாவி என் இடுப்பில். பெண்டாட்டி கைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. கண்டவர் கை பட்டால் லைசென்ஸ் ரத்து. தோட்டா இருக்கிற வீட்டில் புதிதாக ஒரு ஆள் வந்து குடியேறவும் சட்டம் விடாது. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தில் இந்த வீட்டில் இருப்பவர்கள் யார் யார் என்று இருக்கிறது. அதில் நீ இல்லை.

அப்பா சொன்ன காலத்தில் வீட்டில் தோட்டா இல்லை. ஓர்ப்படியை அனுசரித்துப் போ.

சாம்பசிவன்


கல்லிடைக்குறிச்சி
3 ஜூலை 2025

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். இங்கு க்ஷேமம். முழங்காலுக்கு நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பீரோ, பெட்டி, பூட்டு, சாவி எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். அந்த அறைப் பக்கமே வரமாட்டேன், அண்ணா. கூடத்து மூலையில் படுத்துக்கொள்கிறேன். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடையில்கூடப் படுப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மன்னியின் அண்ணா பிள்ளை சுமந்த் கோச்சிங் கிளாஸுக்காக உன் வீட்டில்தான் தங்கியிருக்கிறான் என்று மன்னியே சொன்னாளே. அவன் புது ஆள் இல்லையா? அவனை விட்ட சட்டம் என்னை மட்டும் ஏன் விடாது?

நேற்று ஓர்ப்படி தரகரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினாள். சமையலறைக்கு வந்ததும், "இந்தப் பாய் போயிடும்" என்றாள். பாய் என்றுதான் சொன்னாள். நான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

சீதா


கரமனை
2 ஆகஸ்ட் 2025

சீதாலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். தைலத்தை உன் மன்னி ஜானவி எங்கோ போட்டுவிட்டாள்.

உனக்கு உடனே பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சட்டம் பேசுகிறாயா நீ? எட்டாம் கிளாஸோடு நின்றவள் எனக்கு லைசென்ஸ் பாடம் எடுக்கிறாய். சுமந்த் படிக்கிற பிள்ளை, நாளைக்கு ஒரு உத்தியோகத்துக்குப் போவான். உன்னால் இந்த வீட்டுக்கு என்ன வரப்போகிறது? காலையில் டியூட்டிக்குப் புறப்படும்போது யார் முகம் எதிரே வர வேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசாரம் உண்டு. ஜானவி இதைச் சொல்லக் கூச்சப்படுகிறாள். எனக்குக் கூச்சம் கிடையாது.

உன் ஆத்துக்காரர் இருந்தபோது ஒரு கூரை சம்பாதித்துப் போட்டிருக்கலாம். அவருக்குச் சீட்டாட நேரம் இருந்தது. இப்போது அவர் விட்டுப்போனதை என் தலையில் கட்டப் பார்க்கிறாய்.

புது எஸ்.ஐ. ஒருத்தர் வந்திருக்கிறார், ஜெயன் என்று பெயர். வீட்டுக்கு வந்து பீரோவையும் பெட்டியையும் பார்த்தார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சாமி மாதிரி வெச்சா எனக்கு ஜோலியே இல்லை" என்றார். அந்தப் பெயரை உனக்காகக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். இதைப் பற்றி இன்னொரு கடிதம் வந்தால் பிரிக்காமலே கிழிப்பேன்.

சாம்பசிவன்


கல்லிடைக்குறிச்சி
18 ஆகஸ்ட் 2025

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம், நிஜமாகவே. உங்கள் எல்லோர் உடம்பும் எப்படி?

நான்தான் அசடு. சட்டம் என்றால் சட்டம்தானே? இனி அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன். எனக்கு ஏதோ ஒரு வழி பிறக்கும். பயப்படாமல் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படி.

நவராத்திரி வரப்போகிறதே என்று நினைத்துக்கொண்டேன். கொலு வைக்கிறீர்களா? பூஜைவைப்புக்கு உன் துப்பாக்கியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தோட்டா பெல்ட்டை மாலை மாதிரி அதன்மேல் சாத்தி சரஸ்வதிக்கு முன்னால் வைப்போமே! ஒரு வருஷம் நான்தானே சந்தனம் வைத்தேன்? விஜயதசமி காலையில் எடுக்கிறவரை பூனைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று நீ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகும். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

உன் தங்கை,
சீதா


கரமனை
8 செப்டம்பர் 2025

சீதாலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்.

இப்போதுதான் மனுஷி மாதிரி எழுதியிருக்கிறாய். ஓணக் கூட்டத்தில் பாங்க் வாசலில் நின்று நின்று கால் வீங்கிக் கிடந்தேன், உன் கடிதம் ஆறுதலாக இருந்தது.

கொலு உண்டு. ஆனால் இந்த வருஷம் வெறும் துப்பாக்கியை மட்டும், அதுவும் சங்கிலி போட்டுப் பூட்டித்தான் பூஜைக்கு வைக்கப்போகிறேன். தோட்டா பின்னறைப் பெட்டியிலேயே இருக்கும். எஸ்.ஐ. ஜெயன் கண்டிப்பான ஆள். துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டில்லாமல் ஒன்றாகக் கூடத்தில் கிடப்பதை அவர் பார்த்தால் பூஜையாவது மண்ணாவது, தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று ஜானவி நடுங்குகிறாள். போன தடவை ஒரு எஸ்டேட்காரனுக்கு அப்படித்தான் லைசென்ஸ் போயிற்றாம். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

சாம்பசிவன்


கல்லிடைக்குறிச்சி
15 செப்டம்பர் 2025

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். கால் வீக்கத்துக்கு உப்பு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான். பூஜைக்கு டைப்ரைட்டர் மெஷினை வைக்கும்போது ஒருதரம் நீ ரிப்பனைக் கழற்றிவிட்டாய். அவர் எப்படிக் கத்தினார்! "ரிப்பன் இல்லாத மெஷினுக்கு சரஸ்வதி என்னத்தடா கொடுப்பா?" என்று உன்னைத் திரும்ப மாட்ட வைத்தாரே. வேறொன்றும் இல்லை, ஞாபகம் வந்தது, எழுதினேன். சங்கிலி போட்ட துப்பாக்கியைப் பார்த்து அம்பாள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இங்கே ஓர்ப்படியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கிறாள். "உங்க அண்ணா பட்டாளத்துல இருந்தவர்னு பெருமை அடிச்சுப்பேளே, அவருக்கே போலீஸ்னா பயமா?" என்றாள். வயசாகிறது அல்லவா, பயமும் வரத்தான் செய்யும் என்று சொல்லிவைத்தேன். மன்னி சொல்வதைக் கேட்டு நட, அதுதான் நல்லது.

சீதா


கரமனை
22 செப்டம்பர் 2025

ஆசீர்வாதம். க்ஷேமம்.

உன் ஓர்ப்படியிடம் சொல்: சாம்பசிவன் எவனுக்கும் பயந்தவன் இல்லை. பனியிலும் பள்ளத்திலும் நின்றவனுக்கு ஒரு எஸ்.ஐ. என்ன ஜுஜுபி!

எப்போதும்போலத் தோட்டா பெல்ட்டோடுதான் வைக்கிறேன். சங்கிலியும் கிடையாது. இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் வைப்பு, இரண்டாம் தேதி காலை எடுப்பு. பாங்குக்கும் லீவு. என் வீட்டில் என் பூஜை. நடுவில் எவன் கை வைக்கிறான் என்று பார்க்கிறேன்.

சாம்பசிவன்


கரமனை
24 அக்டோபர் 2025

அன்புள்ள சீதாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நான் க்ஷேமமாக இல்லை, அம்மா.

நவமியன்று காலை எஸ்.ஐ. ஜெயன் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். கொலு பார்க்க வந்த கூட்டம் நடுக்கூடத்தில் நிற்கிறது. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து சரஸ்வதியைக் கும்பிட்டார். பிறகு பெல்ட்டைப் பார்த்தார். "சாமி, இதை எடுங்கோ" என்றார். பூஜை எடுக்காமல் எவனும் தொடக் கூடாது என்றேன். "என் மகளோட புஸ்தகமும்தான் பூஜைக்கு வெச்சிருக்கு, சாமி. ஆனா புஸ்தகம் வெடிக்காதே" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. குறுக்கே நின்று அவர் கையைத் தட்டிவிட்டேன். என் பூஜை, என் துப்பாக்கி, தெருவே பார்க்க ஜீப்பில் போயிற்று.

யாரோ மலையாளத்தில் மொட்டைக் கடிதாசி போட்டிருக்கிறான். தேதி முதற்கொண்டு எழுதியிருக்கிறானாம். எதிர்வீட்டுத் தளவாய்தான், எனக்கு நிச்சயம். சாக்கடைச் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறான். அவன் வாசலில் நின்று கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுவிட்டேன்.

லைசென்ஸை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பாங்கில் இன்னொருத்தனைப் போட்டுவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் விசாரணை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்காத தேங்காய் இல்லை. அந்த ஆபீஸில் தெரிந்த ஒருத்தர் வழி சொன்னார். அந்த நாட்களில் பொறுப்பான பெரியவர் ஒருத்தர் பக்கத்திலேயே காவல் இருந்தார் என்று நிரூபித்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். ஜானவி சொன்னால் பெண்டாட்டி என்று எடுபடாது. நீ சொல்ல வேண்டும். ஆனி மாதம் முதல் நீ பின்னறையில்தான் இருக்கிறாய், பூஜையன்று நீதான் காவல் இருந்தாய், எஸ்.ஐ. வந்த சமயம் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாய் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். நீ வந்து ஆமாம் என்றால் போதும்.

பின்னறை உனக்குத்தான். இப்போது காலியாகத்தான் கிடக்கிறது. வா, சீதா.

உன் அண்ணா


கல்லிடைக்குறிச்சி
5 நவம்பர் 2025

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

உன் கடிதம் பார்த்து மனசு ஆறவில்லை. இரத்தக்கொதிப்பைப் பார்த்துக்கொள், மாத்திரையை விடாதே.

வருகிறேன். நீ சொல்லிக்கொடுத்தபடி ஆமாம் என்று சொல்கிறேன். ஆனால் வெறும் வாய்ப்பேச்சில் பொய் நிற்காது, அண்ணா. நான் ஆனி முதல் அங்கே குடியிருக்கிறேன், அப்பா எனக்கென்று விட்டுப்போன பின்னறையில் என் உரிமையோடு இருக்கிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனிலும் கலெக்டர் ஆபீஸிலும் கொடுத்துவிடு. ரேஷன் கார்டில் என் பெயரை ஏற்று. கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று எனக்கும் அனுப்பு, கேட்டால் உளறாமல் சொல்ல வேண்டுமே.

நகல் வந்ததும் ரயில் ஏறுகிறேன். தோட்டாப் பெட்டியின் பூட்டு இப்போது சும்மாதானே கிடக்கும்? அதைப் பின்னறைக் கதவுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
சீதா


முன்னறை
19 ஜனவரி 2026

சீதா, கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. உள்ளே நீ நடமாடும் சத்தம் கேட்கிறது. வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

லைசென்ஸ் ரத்து என்று ஆர்டர் வந்துவிட்டது. அந்த ஆபீஸர் உன்னைத் தனியாகத்தானே விசாரித்தார்? என்னை வெளியே உட்காரவைத்துவிட்டார்களே. ஆர்டரில் சுமந்த் பெயர் எப்படி வந்தது? ஜானவி அவனைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ உள்ளே என்ன சொன்னாய்? அதை மட்டும் சொல்லிவிடு.


பின்னறை
19 ஜனவரி 2026

அண்ணாவுக்கு சீதா அநேக நமஸ்காரம்.

பின்னறையில் யாவரும் க்ஷேமம். முன்னறையில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ சொல்லிக்கொடுத்த பொய்யில் முதல் பாதியை அப்படியே சொன்னேன். ஆனி முதல் பின்னறையில்தான் இருக்கிறேன், இதோ என் அண்ணாவின் கையெழுத்து என்றேன். பூஜையன்று நான்தான் பக்கத்தில் இருந்தேன் என்றும் சொன்னேன். மறு பாதியை மட்டும் மாற்றினேன். பெட்டியில் வைத்துப் பூட்டு என்று உன் காலில் விழுந்து கெஞ்சினேன், நீ கேட்கவில்லை. சுமந்த் இரண்டு தோட்டாவைக் கையில் எடுத்து உருட்டி விளையாடினான், நீ பார்த்துச் சிரித்தாய். இப்படிச் சொன்னேன். எந்தப் பூட்டு, எந்தப் பெட்டி, யார் கை படக் கூடாது என்றெல்லாம் அவர் கேட்கக் கேட்கத் தடுமாறாமல் பதில் சொன்னேன். நீ ஆனியில் எழுதிய பாடம்தான். இந்த அம்மாவுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்.

நான் அன்று இங்கே இல்லை என்று நீ இப்போது போய்ச் சொல்லலாம். பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நீ என்றும் கூடவே சொல்ல வேண்டியிருக்கும்.

தளவாயைத் திட்டாதே, பாவம். அந்த மொட்டைக் கடிதாசி நான் போட்டது. எட்டாம் கிளாஸ் வரை இந்த ஊரில் படித்த மலையாளம் எனக்கு மறக்கவில்லை. பாய் போய்விடும் என்று ஓர்ப்படி சொன்ன அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம்கூட இல்லை, அண்ணா. யார் முகத்தில் விழிப்பது என்று நீ எழுதினாயே, அன்றைக்குத்தான் வந்தது.

நாளை முதல் அடுப்பில் எனக்கு மட்டும்தான் சமைத்துக்கொள்வேன். காலையில் நான் கொல்லைப்பக்கம் போகும்போது எதிரே வராதே. எனக்கும் ஒரு ஆசாரம் உண்டு. பின்னறைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது, கண்டவர் கைக்குக் கொடுப்பதாக இல்லை.

இனிமேல் கதவைத் தட்டாதே. சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. ஒப்பாரி கேட்க எனக்கு நேரமில்லை.

சீதாலக்ஷ்மி